இறந்தவரின் உயிலை வாங்குகிறவர் கண்ணுக்குக் காட்டுங்கள்: பதிவுத்துறைத் தலைவருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய பதிவுத்துறைத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். காங்கயத்தை அடுத்த ஒரு கிராமத்தில் தேங்காய் உலர்களம் நடத்துகிறவன் எழுதுகிறேன். கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். நீட்டி முழக்கிய மனுக்கள் கட்டின் அடியில் போய்ச் சேரும் என்பது ஊரறிந்தது. ஒருவர் உயிலைப் பதிவு செய்துவைத்து இறந்துபோனால், அப்படி ஓர் உயில் இருக்கிறது என்ற செய்தி அவருடைய பூமிக்கு எடுக்கும் வில்லங்கச் சான்றில் தெரிய வேண்டும். உயிலில் என்ன எழுதியிருக்கிறது என்பது வேண்டாம். யாருக்கு எவ்வளவு என்பதும் வேண்டாம். உயில் உண்டு, இன்ன எண், இன்ன ஆண்டு, இன்ன அலுவலகம் என்ற ஒரே ஒரு வரி போதும்.

இன்று அந்த வரி ஏன் வருவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், 51ஆம் பிரிவில், பதிவேடுகளைத் தனித்தனியாகப் பிரித்திருக்கிறது. பூமி சம்பந்தமான கிரயம், தானம், அடமானம், பாகப்பிரிவினை எல்லாம் 1ஆம் புத்தகம். உயில்கள் 3ஆம் புத்தகம். வில்லங்கச் சான்று 1ஆம் புத்தகத்தைப் பார்த்துத் தரப்படுகிறது. ஆக, முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தாலும், ஐம்பது வருடத்துக்குப் போட்டாலும், உயில் அதில் தலைகாட்டாது.

உயிலைத் தனியாக வைத்ததில் நியாயம் உண்டு. எழுதியவர் உயிரோடு இருக்கும்போது அது அவருடைய அந்தரங்கம். நினைத்தால் மாற்றலாம், கிழித்தும் போடலாம். அதனால்தான் 57ஆம் பிரிவு, உயிரோடு இருக்கும்வரை அவருக்கும் அவருடைய முகவருக்கும் மட்டுமே நகல் என்கிறது. அதே பிரிவு, அவர் இறந்த பிறகு விண்ணப்பிக்கும் எவருக்கும் நகல் தரலாம் என்றும் சொல்கிறது. அதாவது இறப்போடு அந்த அந்தரங்கம் முடிந்துபோகிறது என்று சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆனால் உயில் இருப்பதே தெரியாதவன் எதை வைத்து விண்ணப்பிப்பான்? உயிலை எந்த ஊர்ச் சார் பதிவாளர் அலுவலகத்திலும் பதியலாம். பூமி இருக்கும் ஊரில்தான் பதிய வேண்டும் என்று விதியில்லை. தமிழ்நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட சார் பதிவாளர் அலுவலகங்கள் இருக்கின்றன. காங்கயத்தில் பூமி வாங்குகிறவன் கன்னியாகுமரி வரை போய் ஒவ்வொரு படியாக ஏறி, இறந்தவர் பெயரைச் சொல்லிக் கேட்டுவிட்டு வரவேண்டுமா?

என் வழக்கைச் சொன்னால் இது விளங்கும். களத்தை விரிவாக்க, சாலையை ஒட்டி மூன்றேகால் ஏக்கர் புஞ்சையை வாங்கினேன். அதன் சொந்தக்காரர் எங்கள் பக்கத்தில் பிறந்து, நூல் வியாபாரத்தில் வளர்ந்து, கடைசிக் காலத்தில் சென்னைக்குப் போய் அங்கேயே கண்மூடினார். மனைவி முன்பே போய்விட்டார். இரண்டு மகன்கள், ஒரு மகள். வட்டாட்சியர் கொடுத்த வாரிசுச் சான்றில் மூவர் பெயரும் இருந்தன. பட்டா மூவர் பெயருக்கும் கூட்டாக மாறியிருந்தது. வில்லங்கம் சுத்தம். மூலப் பத்திரம் கைக்கு வந்தது. மகளைக் கையெழுத்துக்குக் கூப்பிடாமல் விட்டுவிடுகிற பழக்கம் எங்கள் பக்கத்தில் இன்னும் சில வீடுகளில் இருப்பதால், அதை மட்டும் நான் இருமுறை விசாரித்தேன்; அந்த அம்மாள் தானே வந்து கையெழுத்துப் போட்டார். வங்கியின் வழக்கறிஞரும் பார்த்துச் சரி என்றார். அரசு மதிப்பில் 7 சதவீதம் முத்திரைத் தீர்வை, 2 சதவீதம் பதிவுக் கட்டணம், ஆக 9 சதவீதம் உங்கள் துறைக்குக் கட்டினேன்.

சில ஆண்டுகள் கழித்துச் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. அந்தப் பெரியவர் சென்னையில் உயில் எழுதிப் பதிந்திருக்கிறார். கடைசிக் காலத்தில் தம்மைப் பார்த்துக்கொண்ட தம்பி மகளுக்கு இந்தப் புஞ்சையை எழுதிவைத்திருக்கிறார். உயிலை நிறைவேற்றும் பொறுப்பை ஒரு பழைய நண்பரிடம் ஒப்படைத்திருக்கிறார். அந்த நண்பர் அதை வீட்டில் வைத்துக்கொண்டு, தலைத்திவசம் கழியட்டும், பிள்ளைகள் மனம் ஆறட்டும், பேசிப் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே போயிருக்கிறார். பிறகு அவருக்கு உடம்பு முடியாமல் போனது. கடைசியில் அந்தப் பெண் நெருக்கிய பிறகு, புரொபேட்டுக்கு, அதாவது உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் சான்றுக்கு, அந்த நண்பர் மனுப் போட்டிருக்கிறார். பிள்ளைகள் மூவரும் உயிலைப் பற்றித் தங்களுக்கு ஒன்றுமே தெரியாது என்கிறார்கள். அதை நான் நம்புகிறேனா என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

அந்தப் பெண்மீது எனக்குக் கோபமில்லை. உயில் உண்மையாக இருந்தால் பூமி அவருடையதுதான். என் கோபமெல்லாம் இடையில் போன ஆண்டுகள்மீது.

1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் 227ஆம் பிரிவு சொல்வதைப் பாருங்கள். புரொபேட் எப்போது கிடைத்தாலும், அது எழுதியவர் இறந்த நாளிலிருந்தே உயிலை நிலைநாட்டுகிறது. தாமதமாக வருகிற தீர்ப்பு பின்னோக்கி நடந்துபோய், நான் கிரயம் முடித்த நாளைத் தாண்டி, அவர் கண்மூடிய நாளில் போய் நிற்கிறது. அப்படியானால் எனக்கு விற்ற மூவரிடமும் விற்பதற்கு ஒன்றுமே இருந்திருக்காது. இல்லாததை வாங்கியவனாகிவிடுவேன். பத்திரத்தில் ‘பின்னிட்டு ஏதும் வில்லங்கம் வந்தால் முன்னின்று தீர்த்துத் தருகிறோம்’ என்று வழக்கம்போல எழுதியிருக்கிறது. பணத்தில் ஒருவர் வீடு கட்டிவிட்டார், ஒருவர் கடனை அடைத்துவிட்டார், அந்த அம்மாள் மகள் கல்யாணத்தை முடித்துவிட்டார். யார் முன்னின்று எதைத் தீர்ப்பது?

இதே பிரிவு வேறு சிலரைக் காப்பாற்றவும் செய்கிறது. உயிலின் நிறைவேற்றுநர் புரொபேட் வாங்குவதற்கு முன்பே விற்றுவிட்டால், பின்னால் புரொபேட் கிடைத்ததும் இடைக்காலத்தில் அவர் செய்ததெல்லாம் செல்லும். அவரிடம் வாங்கியவர் தப்பிக்கிறார். புரொபேட் மறுக்கப்பட்டால் அவருக்கும் என் கதிதான். வாரிசுகளிடம் வாங்கியவன் ஒரு தீர்ப்பையும், நிறைவேற்றுநரிடம் வாங்கியவன் அதற்கு நேர்மாறான தீர்ப்பையும் வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இருவருமே அந்த வழக்கைத் தொடங்கவும் முடியாது, முடுக்கவும் முடியாது. 222ஆம் பிரிவின்படி புரொபேட் உயிலால் நியமிக்கப்பட்ட நிறைவேற்றுநருக்கு மட்டுமே தரப்படும். வாங்கியவனால் ஆனதெல்லாம், தன்னைக் கேட்காமல் புரொபேட் தரக்கூடாது என்று கேவியட் போட்டுவிட்டு வாசலில் நிற்பதுதான்.

அப்படி நான் கேவியட் போட்டதும் மனு வழக்காக மாறியது. அதிலும் தீர்மானிக்கப்போவது உயில் உண்மையா, முறைப்படி எழுதப்பட்டதா என்பதை மட்டுமே. சொத்து யாருக்கு என்பதைப் புரொபேட் நீதிமன்றம் தீர்மானிக்காது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லிவிட்டது. ஆகவே இந்த வழக்கு முடிந்த பிறகு பூமிக்காக இன்னொரு வழக்கு இங்கே உரிமையியல் நீதிமன்றத்தில் காத்திருக்கிறது. அதுவரை வங்கி எனக்குப் புதிய கடன் தராது. கொப்பரைக் கொள்முதல் காலத்தில் கையில் பணம் புரளாவிட்டால் உலர்களம் என்பது வெறும் சிமெண்டுத் தரை. பூமியை விற்கவும் முடியாது. தெரிந்தே இன்னொருவர் தலையில் கட்ட எனக்கு மனமில்லை, தெரியாமல் கட்டுவதற்கு ஊரில் இனி ஆளுமில்லை.

தாமதத்துக்குச் சட்டத்தில் எல்லையே இல்லையா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இருக்கிறது, இல்லாத மாதிரி இருக்கிறது. காலவரையறைச் சட்டத்தின் 137ஆம் உறுப்பு புரொபேட் மனுவுக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2008இல் சொன்னது. அதன்படி மூன்று ஆண்டுகள். ஆனால் அந்த மூன்று ஆண்டுகள் இறந்த நாளிலிருந்து ஓடியே தீரும் என்றில்லை. மனுச் செய்யும் உரிமை எழுந்த நாளிலிருந்து ஓடும். அது எந்த நாள் என்பதில்தான் வழக்கறிஞர்களின் வாதமெல்லாம் நடக்கிறது. தாமதம் சந்தேகத்தைக் கிளப்பும், விளக்கம் சொல்ல வேண்டும், அவ்வளவே. மறுபக்கம், புரொபேட் வழங்க சட்டம் காத்திருக்கச் சொல்வது இறந்த நாளிலிருந்து ஏழு முழு நாட்கள் மட்டும். சட்டம் ஏழு நாள் பொறுக்கச் சொல்கிறது. நம்மவர்கள் ஏழு வருடம் பொறுக்கிறார்கள்.

பொறுக்கப் பொறுக்கச் சாட்சிகள் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரில் ஒருவராவது உயிரோடும் வரக்கூடிய நிலையிலும் இருந்தால் அவரைக் கூண்டில் ஏற்றித்தான் உயிலை நிரூபிக்க வேண்டும். ஒருவருமே இல்லையென்றால் கையெழுத்தை அடையாளம் காட்டுகிற சுற்றுவழி. முப்பது ஆண்டுப் பழைய பத்திரங்களுக்கு உள்ள சலுகைகூட உயிலுக்குக் கிடையாது என்று 2023இலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எங்கள் வழக்கில் ஒரு சாட்சி இறந்துவிட்டார். இன்னொருவருக்கு எண்பது வயதைத் தாண்டிவிட்டது. ‘அவரும் போய்விட்டால் எதிர்த்தரப்புக்குக் கஷ்டம், நமக்கு நல்லது’ என்று என் வழக்கறிஞர் சாதாரணமாகச் சொன்னார். முகம் பார்த்தறியாத ஒரு கிழவரின் ஆயுளைக் கணக்குப் போட வேண்டிய இடத்தில் கொப்பரை வியாபாரி ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது இந்த ஏற்பாடு.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் வாரிசுரிமைச் சட்டத்தின் 213ஆம் பிரிவை நீக்கியதும், இனிப் புரொபேட் தொல்லை ஒழிந்தது என்று பலர் மகிழ்ந்தார்கள். சென்னை, மும்பை, கொல்கத்தா ஆகிய பழைய மாகாண நகரங்களின் எல்லைக்குள் இந்துக்கள் எழுதிய உயிலுக்கும், அங்குள்ள வீடு மனை குறித்த உயிலுக்கும் புரொபேட் இல்லாமல் நீதிமன்றத்தில் உரிமை கோர முடியாது என்ற நிபந்தனை அதில் இருந்தது. கோயம்புத்தூரிலோ ஈரோட்டிலோ எழுதி, இங்குள்ள பூமியைப் பற்றியே பேசும் உயிலுக்கு அந்தக் கட்டாயம் முன்பும் இல்லை. ஆனால் இங்குள்ள பூமியாக இருந்தாலும், உயிலைச் சென்னையில் உட்கார்ந்து எழுதியிருந்தால் அந்தக் கட்டாயம் இருந்தது. பிள்ளைகளோடு சென்னையில் போய்த் தங்கிய கொங்கு நாட்டுப் பெரியவர்கள் எத்தனை பேர் அங்கே எழுதிவைத்தார்களோ, எத்தனை குடும்பங்களுக்கு இந்த வேறுபாடு தெரிந்திருந்ததோ.

கட்டாயம் போனது நல்லதுதான். தாமதம் போகவில்லையே. முன்பாவது, நீதிமன்றம் போகாமல் உயிலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்ற பயத்தில் சிலர் சீக்கிரம் போனார்கள். இனி யாரும் அவசரப்பட வேண்டியதில்லை. எங்கள் மாவட்டங்களில் எப்போதும் நடப்பதுபோல, உயில் பீரோவில் கிடக்கும். பூமியின் விலை ஏறும் நாளில் வெளியே வரும். அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்டது. 1,045 குளம் குட்டைகளுக்குத் தண்ணீர் என்றார்கள். தண்ணீர் வந்தால் மேட்டாங்காட்டுக்கும் கிராக்கி வரும். கிராக்கி வந்தால் பழைய காகிதங்களுக்கும் உயிர் வரும். பல்லடம், அவிநாசி, பெருந்துறைப் பக்கம் தோட்டங்கள் மனைகளாகப் பிரிவதைப் பார்க்கிறீர்கள். பத்து ஏக்கர் தோட்டத்தை நூறு பேர் சைட்டாக வாங்கிய பிறகு ஓர் உயில் வந்தால், நூறு குடும்பத்துக்கும் அது ஒரே நாளில் வரும். பனியன் கம்பெனியில் தையல் தைத்துச் சேர்த்து மூன்று செண்ட் வாங்கிய பெண்ணுக்கு, கேவியட் என்றால் என்னவென்று யார் சொல்லித் தருவார்கள்?

சார் பதிவாளர் உரிமையை விசாரிக்கும் நீதிபதி அல்லர் என்று நீங்கள் பதில் சொல்லலாம். சரியான பதில். உங்கள் பதிவு விதிகளின் 55-ஏ (1) விதியை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது சொன்னதும் அதுதான்: விற்பவருக்கு உரிமை உண்டா என்று பார்ப்பது பதிவு அலுவலரின் வேலையல்ல. ஆகவே நான் உங்களை எதையும் விசாரிக்கச் சொல்லவில்லை. விசாரிக்கும் பொறுப்பு முழுவதும் வாங்குகிறவன் தலையில் விழுந்துவிட்டதால், விசாரிப்பதற்கு வேண்டிய தகவலை அவனிடமிருந்து மறைக்காதீர்கள் என்றுதான் கேட்கிறேன். அந்தத் தகவல் உங்கள் கையில், உங்கள் கணினியில், உங்கள் முத்திரையோடு இருக்கிறது.

நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு, அதை நானே சொல்லிவிடுகிறேன். பல உயில்களில் சர்வே எண்ணே இருக்காது. ‘எனக்குச் சொந்தமான சகல அசையும் அசையாச் சொத்துகளும்’ என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். அதை எந்தப் பூமியின் வில்லங்கத்தில் சேர்ப்பது? அதனால் பூமியை வைத்துத் தேடாமல் ஆளை வைத்துத் தேட வழி வேண்டும். இறந்தவர் பெயர், தந்தை பெயர், இறப்புச் சான்று எண் மூன்றையும் கொடுத்தால், மாநிலத்தின் எந்த அலுவலகத்து 3ஆம் புத்தகத்திலாவது அந்தப் பெயரில் உயில் இருக்கிறதா என்று ஒரே விண்ணப்பத்தில் பதில் வரட்டும். கட்டணம் வையுங்கள், மகிழ்ச்சியாகக் கட்டுகிறோம். 9 சதவீதம் கட்டுகிறவனுக்கு இது ஒரு பாரமா? உயிரோடு இருப்பவரின் உயில் இதில் வெளிப்படாது, ஏனென்றால் இறப்புச் சான்று இல்லாமல் தேடவே முடியாது.

பதிவு செய்யாத உயில்களை இது பிடிக்காது. வெள்ளைத் தாளில் எழுதி இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டாலே உயில் செல்லும் என்பது சட்டம். அதை மாற்றச் சொல்வது உங்களிடம் கேட்கும் காரியமல்ல. ஆனால் அந்த வெள்ளைத் தாள் உயில்களிலும் ஒரு பகுதி உங்களிடம் வந்து சேர்கிறது. பதிவுச் சட்டத்தின் 27ஆம் பிரிவு உயிலை எப்போது வேண்டுமானாலும் பதிவுக்குக் கொண்டுவரலாம் என்கிறது. 40ஆம் பிரிவு, எழுதியவர் இறந்த பிறகு நிறைவேற்றுநரோ பயனடைபவரோ கொண்டுவரலாம் என்கிறது. இறந்து பல ஆண்டு கழித்து ஒருவர் அப்படிக் கொண்டுவரும்போது, அதில் சொல்லப்பட்ட பூமியின் வில்லங்கத்தில் அன்றைக்கே ஒரு குறிப்பு ஏறட்டும். இங்கே அந்தரங்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை. எழுதியவர் இறந்துவிட்டார் என்று உங்கள் அலுவலரே விசாரித்துத் தெளிந்துதான் அதைப் பதிகிறார்.

வழக்குகளின் கதையும் இதுதான். சொத்துரிமை மாற்றுச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, வழக்கில் இருக்கும் பூமியை வாங்குகிறவர் தீர்ப்புக்குக் கட்டுப்பட வேண்டும். வழக்கு இருப்பது வாங்குகிறவருக்குத் தெரிந்ததா என்று யாரும் கேட்பதில்லை. மும்பையில் 1939இலேயே இதற்கு ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள்: வழக்கு நிலுவையில் இருப்பதைப் பதிவு அலுவலகத்தில் அறிவிப்பாகப் பதிந்தால்தான் அது மூன்றாம் ஆளைக் கட்டுப்படுத்தும். மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் இந்த ஏற்பாடு இருக்கிறது. தமிழ்நாட்டுக்கு அப்படி ஒரு திருத்தம் வேண்டுமென்று உங்கள் துறை அரசுக்குப் பரிந்துரைக்கலாம். பாகப்பிரிவினை வழக்குகளோடு, புரொபேட் மனுக்களையும் அதில் சேர்த்தே எழுதுங்கள். சொத்துரிமையைத் தீர்மானிக்காத மனு என்று சொல்லி அதை விட்டுவிடுவார்கள், கடைசியில் சொத்தைக் கொண்டுபோவது அந்த மனுவாகத்தான் இருக்கும்.

இந்த மடலைப் படிக்கும் உயில் நிறைவேற்றுநர்களுக்கும் ஒரு வார்த்தை. நண்பருக்கோ மாமனுக்கோ ஒப்புக்கொண்ட வேலை அது. பிள்ளைகள் வருத்தப்படுவார்கள் என்று தள்ளிப்போட்டால், அந்த வருத்தம் குறைவதில்லை. சம்பந்தமில்லாத இன்னொருவன் வீட்டுக்கு இடம் மாறுகிறது. பதினாறாம் நாள் காரியத்துக்கு எல்லோரும் கூடியிருக்கும்போதே உயில் இருக்கிறது என்று சபையில் சொல்லிவிடுங்கள். சண்டை வந்தால் அன்றைக்கே வரட்டும், அதற்குரியவர்களுக்குள்ளேயே வரட்டும்.

ஐயா, என் வழக்கு இதனால் தீராது. அது தனிப்பாதையில் போய்க்கொண்டிருக்கிறது. ஆள் பெயரை வைத்து 3ஆம் புத்தகத்தைத் தேடும் வசதிக்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவைப்படாது என்பது என் எண்ணம். பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவு அதற்கு ஏற்கெனவே இடம் கொடுக்கிறது, துறையின் சுற்றறிக்கையும் மென்பொருளில் ஒரு கட்டமும் போதும். முடியாது என்றால் ஏன் முடியாது என்பதையாவது எழுத்தில் தாருங்கள். இந்த மடலின் நகலை எங்கள் பகுதிச் சார் பதிவாளர் அலுவலகத்திலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
காங்கயம் வட்டத்து உலர்களக்காரர் ஒருவர்